பவளத் தொட்டியில் புழு பெருகினால்: மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி. பவளங்களோடு மூன்றாவது ஆண்டாக ஓடுகிறது. சில வாரங்களாக மணலிலும் கண்ணாடியிலும் காளான் பவளங்களின் மேலும் செம்பழுப்பு நிறத்தில் சிறு புழுக்கள் படர்கின்றன. இரவில் விளக்கை அடித்துப் பார்த்தால் கற்களுக்கு அடியிலிருந்து முள்முள்ளாக நீளப் புழுக்களும் வெளியே வருகின்றன. சாலிஃபெர்ட் நிறுவனத்தின் ஃபிளாட்வார்ம் எக்ஸிட் என்ற தட்டைப்புழு மருந்துப் புட்டி கையில் இருக்கிறது. இன்றே ஊற்றிவிடலாமா, இரண்டு புழுவுக்கும் அதுவே போதுமா என்பது கேள்வி.

இன்றே ஊற்ற வேண்டாம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. இரண்டாவது வகைக்கு மருந்தே தேவையில்லை. முதல் வகையைக் கொல்வது எளிது. அது செத்த பிறகு தொட்டியில் நடப்பதுதான் ஆபத்து. ஒரே மாலையில் அத்தனை மீனையும் இழந்தவர்கள் மருந்தின் நச்சால் இழக்கவில்லை. செத்த புழுக்களின் நச்சால் இழந்தார்கள்.

முதலில் அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நண்பகலில், விளக்குகள் முழு வீச்சில் எரியும்போது, ஒரு பூதக்கண்ணாடியோடு தொட்டிமுன் உட்காருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒன்றைப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட தட்டையான உடல், துருப்பிடித்த இரும்பின் நிறம், வால் பக்கம் மூன்று கூராகப் பிரிந்திருக்கிறதா? அப்படியானால் அது கன்வொலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. மீன் வளர்ப்பவர்கள் சிவப்பு பிளனேரியா என்று அழைப்பது இதைத்தான். வால் பிளவுபடாமல் வட்டமாக, பழுப்பாக, பவளத்தின் சதைமீதே அப்பியிருந்தால் அது வாமினோவாவாக இருக்கலாம். அதற்கு இந்த மருந்து அவ்வளவாக எடுபடுவதில்லை. நிறமே இல்லாமல் கண்ணாடிபோல் இருந்து, இரவில் மட்டும் கண்ணாடிச் சுவரில் வழுக்கிக்கொண்டு போனால், அது நுண்ணிய ஓட்டுயிரிகளைத் தின்று வாழும் வேறொரு புழு. அதனால் பெரிய கேடு கிடையாது, விட்டுவிடலாம். உங்கள் வர்ணனை முதல் வகையோடு பொருந்துகிறது. அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இந்தப் புழுவின் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். இது 1988இல், மீன்தொட்டியில் வளர்ந்த புழுக்களைக் கொண்டே அறிவியலில் விவரிக்கப்பட்டது. கடலைவிடத் தொட்டியில் நன்றாக வாழக் கற்றுக்கொண்ட உயிர் என்றே சொல்லலாம். வாய் உண்டு, குடல் என்று ஒரு குழாய் கிடையாது. பெயரில் தட்டைப்புழு என்றாலும் உண்மையான தட்டைப்புழுக் குடும்பத்திலிருந்து இதைப் பிரித்துத் தனிக் கிளையில் வைத்துவிட்டார்கள். மீன்களின் செவுள் புழுக்களுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டல் மருந்தை இதன்மேல் நம்பி இறங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உடலுக்குள் பாசி உயிரணுக்களை வைத்துக்கொண்டு, அவை ஒளியில் சமைப்பதைத் தானும் உண்கிறது. அதனால்தான் வெளிச்சம் நிறைய, நீரோட்டம் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறுகிறது. போதாததற்குச் சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளையும் பிடித்துத் தின்னும். இது பெருகுவது மொட்டுவிட்டு: பின்புறத்தில் ஒரு குட்டி, தாய்க்கு எதிர்த்திசை பார்த்தபடி முளைத்து, பிய்த்துக்கொண்டு போய்விடும். இணை தேட வேண்டிய அவசியமில்லை. ஒரு பவளத் துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரே புழு போதும், சில மாதங்களில் மணல் சிவந்துவிடும்.

பவளத்தை இது தின்பதில்லை. ஆனால் காளான் பவளத்தின் மேல் போர்வைபோல மூடி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. பவளம் சுருங்கி, வெளுத்து, மெல்லச் சாகிறது. அடர்த்தி குறைவாக இருக்கும்வரை அவசரம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி நச்சைப் பற்றி. இந்தப் புழுவின் உடலில் மீன்களுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அது பெரிதாக வெளிவராது. பத்துப் புழு செத்தால் யாருக்கும் தெரியாது. பத்தாயிரம் புழு அரைமணி நேரத்தில் செத்து உடல் கரைந்தால் நீர் செம்பழுப்பாகி, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்கும். ஆகவே வேலையின் பெரும்பகுதி மருந்து ஊற்றும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அந்த வேலை உறிஞ்சி எடுப்பது. காற்றுப் பம்புக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு விறைப்பான குழாய் செருகிக்கொள்ளுங்கள். மறுமுனையைத் தரையில் இருக்கும் வாளிக்குள் விட்டு, வாளியின் வாயில் மிக நெருக்கமாக நெய்த வடிதுணிப் பை ஒன்றைக் கட்டுங்கள். குழாயில் நீர் இறங்கத் தொடங்கியதும் நுனியைப் புழுவுக்கு அருகே கொண்டுபோனால் போதும், அது உரிந்து உள்ளே போய்விடும். மணலில் இருப்பவற்றை எடுக்கும்போது நுனியை மணலுக்கு ஒரு விரல்கடை மேலே பிடியுங்கள். தாழ்த்தினால் மணல்தான் வரும். பவளத்தின் மடிப்புகளில் இருப்பவற்றை ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழலால் முதலில் தட்டி எழுப்பி, மிதக்கும்போதே பிடிக்க வேண்டும். பையில் தங்கிய புழுக்களைக் குப்பையில் போட்டுவிட்டு, வடிந்த நீரைத் தொட்டிக்கே திருப்பி ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஊற்றமாட்டேன். பையில் நசுங்கிய புழுக்களின் சாறு அந்த நீரில்தான் இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு அதே அளவு புதுக் கடல்நீர் சேர்த்தால், வாராந்தர நீர்மாற்றமும் அதிலேயே முடிந்துவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்துவாருங்கள். கண்ணாடியில் தேடினால்தான் புழு கண்ணில் படும் என்ற நிலை வரும்வரை மருந்துப் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். பொறுமை சோதிக்கும் வேலைதான். ஆனால் இந்த முறை முழுவதிலும் மீன்களைக் காப்பாற்றும் படி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் புட்டியில் எழுதியிருக்கிறது.

அடுத்தது தொட்டியில் உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கணக்கு. கடைக்காரர் சொன்ன லிட்டரை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், நீர்மட்டம் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 270 லிட்டர். கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கழியுங்கள். கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி இருந்தால் அதில் ஓடும் நீரைக் கூட்டுங்கள், 70 என்போம். ஆக 300. மருந்து இந்த 300க்குத்தான். குறைத்துப் போட்டால் புழு மயங்கி எழுந்துவிடும். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்ற பேச்சு வரும்.

மருந்து எடுபடுமா என்பதைத் தொட்டியில் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன வாளியில் தொட்டி நீர் எடுத்து, அதில் இருபது முப்பது புழுக்களை விட்டு, புட்டியில் சொன்ன விகிதத்தில் மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் பிடியை விட்டு, ஓரம் மடிந்து சுருண்டு, அடியில் உருளத் தொடங்கும். அரைமணி கழித்தும் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தால் அளவு போதவில்லை, அல்லது நீங்கள் அடையாளம் கண்டது தவறு. வாளியை மறுநாள் காலைவரை அப்படியே வைத்தால் நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் நீங்களே பார்ப்பீர்கள். உறிஞ்சி எடுக்கச் சொன்னதன் காரணத்தை நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது.

மருந்து ஊற்றும் நாளை விடுமுறை நாளாக வைத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே தொடங்குங்கள். முந்தின நாளே புதுக் கடல்நீர் தயாராக இருக்க வேண்டும்: மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 லிட்டர், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத்தன்மையில், தொட்டியின் வெப்பநிலையில், காற்றுக்கல் போட்டு அலசியபடி. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமைன் இருப்பதால் ஆர்ஓ டிஐ (சவ்வூடு வடித்து அயனியும் நீக்கும்) வடிகட்டியில் எடுத்த நீர்தான் உதவும். இன்னும் 50 லிட்டர் கூடுதலாக வைத்திருந்தால் நிம்மதி. வழக்கமாகப் போடுவதைப்போல் இருமடங்கு, மருந்தையும் நச்சையும் உறிஞ்சிக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பனைக் கழுவி, பையில் கட்டித் தயாராக வையுங்கள். தொட்டியில் ஏற்கெனவே கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். யூவி விளக்கு, ஓசோன், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் மூன்றையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் மருந்து புழுவைச் சேரும் முன்பே போய்விடும். ஸ்கிம்மர் நின்றதும் ஆக்சிஜன் குறையும். வெதுவெதுப்பான நீரில் அது இன்னும் வேகமாகக் குறையும் என்பதால் காற்றுக்கல் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள், நீரைக் குளிர்விக்கும் கருவியை (சில்லர்) ஓடவிடுங்கள்.

மருந்தை ஒரு குவளை தொட்டி நீரில் கலந்து, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். பிறகு உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லையென்று நினைத்த இடங்களிலிருந்தெல்லாம் புழுக்கள் பிடியை விட்டு மிதந்து வரும்: கல்லின் அடிப்பக்கம், நீர் வழிந்திறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் உள்சுவர், பம்பின் கூண்டு. ஊதுகுழலால் கற்களின் இடுக்குகளை ஊதி, வெளிவருவதை எல்லாம் உறிஞ்சுங்கள். ஒரு மணி நேரம் ஓயாத வேலை. முடிந்ததும் கார்பனை நீர் வேகமாகக் கடக்கும் இடத்தில் வையுங்கள், ஸ்கிம்மரை ஓட்டுங்கள், 100 லிட்டரை மாற்றுங்கள். ஸ்கிம்மர் அன்று முழுவதும் நுரை பொங்கித் தள்ளும், கிண்ணத்தை அடிக்கடி கொட்ட வேண்டியிருக்கும். மீன்கள் மூச்சிரைப்பது போலிருந்தால் ஒரு மணி நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டாம். கார்பனும் நீர்மாற்றமும் அந்த நிமிடமே.

ஒரு தடவையோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒளிந்திருந்த ஒன்றிரண்டு தப்பியிருக்கும், அவை மொட்டுவிடும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். இந்தமுறை சாவதற்குப் புழுவே அதிகம் இருக்காது என்பதால் ஆபத்தும் குறைவு.

ஆட்டு மருந்துக் கதை ஒன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. ஃபிளாட்வார்ம் எக்ஸிட்டின் சரக்கு லெவமிசோல்தான் என்று வளர்ப்பவர்கள் பலர் கருதுகிறார்கள். ஆடு மாடுகளின் குடற்புழுவுக்குக் கால்நடை மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மருந்து அது; புழுவின் தசையை இறுக்கிச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுகிறது. அதையே வாங்கித் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்கமாட்டேன். கால்நடைக் கரைசலில் சாயம், பதப்படுத்தி, வேறு மருந்து என்று என்னென்னவோ சேர்ந்திருக்கும். செறிவும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (டாலருக்கு) பவளம் வைத்திருக்கும் தொட்டியில் ஒரு புட்டியின் விலையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. நாய்களுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் இன்னும் மோசம். கல்லுக்குள் ஊறித் தங்கி, குழாய்ப் புழுக்களையும் நத்தைகளையும் மென்பவளங்களையும் கொன்றுவிட்டுப் போகும். தாமிரம் கலந்த எதையும் பவளத் தொட்டியின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மருந்தில்லாமல் மீனை விட்டே முடிக்கலாமா என்றும் கேட்பார்கள். ஆறுவரி ராஸ், மெலனூரஸ் ராஸ், மஞ்சள் கோரிஸ் ராஸ் மூன்றும் இந்தப் புழுவைக் கொத்துவதுண்டு. தின்றே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மீன்களில் ஒன்று தின்னும், மற்றது திரும்பியும் பார்க்காது. மணல் சிவக்கும் அளவுக்குப் பெருகிய பிறகு மீனால் அடக்க முடியாது. மருந்தால் ஒழித்துவிட்டு, மிச்சம் மீதியைப் பொறுக்க மீனை விடுவதே முறை. ஆறுவரி ராஸ் அழகானது, பொல்லாதது. அதற்குப் பிறகு தொட்டிக்கு வரும் சாதுவான மீன்களை ஓட ஓட விரட்டும். எனக்குப் பிடித்தது மெலனூரஸ். அது இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும், ஆகவே மூன்று நான்கு விரல் ஆழத்துக்காவது மெல்லிய மணல் வேண்டும். துள்ளி வெளியே விழும் பழக்கமும் உண்டு, மேலே வலைமூடி கட்டாயம். நீல வெல்வெட் என்று விற்கும் கெலிடோனுரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தை இந்த வகைப் புழுக்களைத் தவிர வேறு எதையும் தின்னாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புழு தீர்ந்ததும் பட்டினியால் செத்துவிடும், அதற்கு முன்பே பம்புக்குள் இழுபடாமல் இருந்தால். தீர்ந்தவுடன் வாங்கிக்கொள்ள இன்னொரு புழுத் தொட்டிக்காரர் இருந்தாலொழிய அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது புழுவுக்கு வருவோம். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த உடல், இரு பக்கமும் ஒவ்வொரு வளையத்திலும் வெண்ணிற முள்கொத்து. இது பெரும்பாலும் யூரிதோ காம்பிளனேட்டா அல்லது அதன் உறவுக்காரன். செத்த மீனையும் மீந்த உணவையும் உங்கள் கை நுழையாத கல்லிடுக்குகளில் போய்த் தின்று தீர்ப்பது இதுதான். தொட்டிக்குச் சம்பளமில்லாத துப்புரவாளர். ஒரு மீன் கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்தால், நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முள்ளைத்தவிர எதுவும் மிஞ்சாது. மறுநாள் காலையில் பிணத்தின்மேல் புழுவைப் பார்த்துவிட்டு, புழுதான் மீனைக் கொன்றது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். எண்ணிக்கை அதிகமாகிவிட்டது என்றால் நீங்கள் அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறையுங்கள், உறைந்த இறால் துண்டங்களின் சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள்; சில வாரங்களில் கூட்டம் தானே குறையும். பொறுக்காவிட்டால், சிறு துளைகள் போட்ட மூடிய பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு துண்டு இறாலை வைத்து, விளக்கணைத்த பின் மணலில் கிடத்தி, விடியுமுன் எடுத்துவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். முள் சுண்ணத்தாலானது, கண்ணாடி இழைபோல் தோலுக்குள் ஒடியும். ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து எடுத்து, பிறகு வினிகர் தடவுங்கள்.

கவலைப்பட வேண்டிய நீளப்புழுக்களும் உண்டு, அவை அபூர்வம். கரீபியக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் தாடித் தீப்புழு, ஹெர்மோடைஸ் கரங்குலேட்டா, உயிருள்ள பவளத்தை மென்று தின்னும். ஆனால் உங்கள் கற்கள் இந்தோனேசியாவிலிருந்து வந்தவையென்றால் அது இருக்க வாய்ப்பு சொற்பம். தலையில் உணர்கொம்புகளும் வானவில் பளபளப்பும் உள்ள யூனிஸ் வகை இன்னொன்று. இங்கிலாந்தின் நியூக்வே நகரில் ப்ளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் துண்டுபட்டும் மீன்கள் காயம்பட்டும் கிடக்க, 2009இல் தொட்டியையே பிரித்துப் பார்த்தபோது நான்கடி நீளத்தில் ஒன்று அகப்பட்டது. அதற்கு பாரி என்று பெயரும் வைத்தார்கள். உங்கள் தொட்டியில் நத்தைகளும் சிப்பிகளும் காரணமில்லாமல் காலியாகிக்கொண்டே போனால் மட்டும் இவற்றைச் சந்தேகியுங்கள். அப்போது அந்தக் கல்லையே வெளியே எடுத்துத் தனி வாளியில் வைக்க வேண்டும். பாதியில் பிடித்து இழுத்து அறுத்துவிட்டால் உள்ளே நின்ற பகுதி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

புழு ஏன் பெருகியது என்பதையும் பாருங்கள். சிவப்புப் புழுவுக்கு நீரோட்டம் ஆகாது. மணல்மேல் அசைவே இல்லாத மூலைகளை நோக்கி ஒரு பம்பைத் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியிருந்தால் இறக்குங்கள், ஆனால் பூச்சியத்துக்கு அல்ல. புழுவை ஒழிக்கிறேன் என்று இரண்டையும் துடைத்தெடுத்தவர்கள், அடுத்த மாதமே டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளியோடு போராடுவதைக் கண்டிருக்கிறேன். அது இந்தப் புழுவைவிடப் பத்து மடங்கு தொல்லை.

உங்களிடம் கிளைப் பவளமான அக்ரோபோரா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்னொரு புழுவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2011இல் மீன்தொட்டிகளிலிருந்தே விவரிக்கப்பட்டு, அதன் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் லிசார்ட் தீவருகே இயற்கையில் கண்டுபிடிக்கப்பட்ட புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. இது உண்மையான தட்டைப்புழு, அக்ரோபோராவை மட்டுமே தின்னும், பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கிளையில் வட்ட வட்டமாக வெளிறிய தடங்களைத்தான் பார்ப்பீர்கள். கிளையைப் பிடித்து ஊதுகுழலால் வேகமாக அடித்தால் தட்டை தட்டையாக உதிரும். தொட்டி முழுவதற்கும் ஊற்றும் மருந்தை நம்ப முடியாது. ஒவ்வொரு பவளத்தையும் வெளியே எடுத்து, பவளங்களுக்கென்றே விற்கும் குளியல் கரைசலில் முக்க வேண்டும். அந்தக் குளியல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் பவளத்தின் அடியில், சதை செத்து எலும்பு தெரியும் இடத்தில், பழுப்புப் புள்ளிக் கூட்டமாக ஒட்டியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும், அல்லது பல் குத்தியால் சுரண்டிவிட்டு மேலே பசை பூச வேண்டும். முட்டையிலிருந்து பொரிந்து வருபவற்றைப் பிடிக்க வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரமாவது முக்கியெடுப்பது வழக்கம்.

சிவப்புப் புழுவும் இதுவும் வீட்டுக்குள் வரும் வழி ஒன்றே: புதுப் பவளத் துண்டு. கடையிலிருந்து வந்ததும் துண்டு ஒட்டியிருக்கும் அடித்தட்டை உடைத்துப் போட்டுவிட்டு, குளியல் கொடுத்து, மீன் இல்லாத சிறு தொட்டியில் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். 40 லிட்டர் பெட்டி, ஒரு சின்ன விளக்கு, ஒரு பம்பு போதும். அதன் அடிக்கண்ணாடியை வெறுமையாக, மணல் போடாமல் வையுங்கள். உதிரும் புழு அங்கேதான் முதலில் தெரியும்.